பதக்கத்தில் எத்தனை பவுன்?

ஏ.ஆர். ரஹ்மான் வாங்கிய வெளிநாட்டு விருதுகளை அவருடைய அம்மா துண்டில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாராம். எல்லாம் தங்கத்தில் செய்தவை என்று அவர் நினைத்திருந்தார் என்று ரஹ்மானே ஒரு பேட்டியில் சொன்னார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 2009இல் மகன் இரு கைகளிலும் ஏந்தி நின்ற ஆஸ்கர் சிலைகள் கண்ணுக்கு முழுத் தங்கமாகத்தான் தெரியும். நம் ஊரில் அப்படி மின்னுகிற எதையும் பீரோவில் வைத்துப் பூட்டுவதுதான் வழக்கம்.

அந்தக் காலத்தில் ஆஸ்கர் சிலைகளைச் செய்துகொடுத்தது சிகாகோவில் இருந்த ஆர்.எஸ். ஓவன்ஸ் நிறுவனம். தங்கத் தோலுக்கு உள்ளே இருந்தது பிரிட்டானியா என்ற கலப்பு உலோகம். அதில் பெரும்பங்கு வெள்ளீயம், மீதி ஆன்டிமனியும் செம்பும். ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வீடுகளில் அடுப்படியில் இருப்பதும் இதே வெள்ளீயம்தான். அதன்மேல் செம்பு, நிக்கல், வெள்ளி என்று அடுக்கடுக்காக முலாம் பூசி, கடைசி அடுக்காக 24 காரட் தங்கம் ஏற்றுவார்கள்.

இத்தனை அடுக்கு எதற்கு? தங்கத்தை நேரடியாகச் செம்பின்மேல் ஏற்றினால் முதலில் ஜம்மென்று இருக்கும். ஆனால் திடப்பொருளுக்குள்ளும் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. செம்பு அணுக்கள் மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊர்ந்து மேற்பரப்புக்கு வந்துவிடும். வந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் கந்தகத்தோடும் சேர்ந்து கறுக்கும். நடுவில் ஒரு நிக்கல் அடுக்கு இருந்தால் அந்த ஊடுருவலை அது மறித்துவிடும். முலாம் ஏற்றுவது மின்சாரத்தால். தங்க உப்பு கரைந்த திரவத்தில் சிலையை எதிர்மின்முனையாகத் தொங்கவிட்டு மின்சாரத்தைச் செலுத்தினால், கரைசலில் திரியும் தங்க அயனிகள் சிலையை நாடி வந்து, எலக்ட்ரான்களைப் பெற்று, அணுக்களாகப் படியும். மூக்கின் நுனி, கை மடிப்பு, வாளின் விளிம்பு என்று எல்லா இடமும் மூடிக்கொள்ளும். மேடான இடங்களில் மின்னோட்டம் கூடுதல் என்பதால் அங்கே சற்றுத் தடிப்பாகவும், குழிந்த இடங்களில் மெலிதாகவும் படியும். அதைச் சீராக்குவதில்தான் முலாம் பூசுகிறவரின் கைத்திறன் தெரியும்.

ஆஸ்கரின் உருவத்தை வரைந்தவர் எம்ஜிஎம் படநிறுவனத்தின் கலை இயக்குநர் செட்ரிக் கிப்பன்ஸ். களிமண்ணில் வடித்தவர் ஜார்ஜ் ஸ்டான்லி. வாளேந்திய வீரன் ஒருவன் படச்சுருள்மேல் நிற்கிறான். 1929இல் நடந்த முதல் விழாவில் கொடுத்த சிலைகள் தங்க முலாம் பூசிய வெண்கலம். பிறகு பிரிட்டானியா வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது உலோகம் கிடைக்காமல் மூன்று ஆண்டுகளுக்குப் பிளாஸ்டர் சிலைக்கு வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அவற்றைத் திருப்பித் தந்து உலோகச் சிலை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். 2016இலிருந்து மறுபடி வெண்கலம். உயரம் 34 செ.மீ.க்குச் சற்று மேல், எடை 3.85 கிலோ. எப்போது எந்த உலோகத்தில் செய்தாலும் வெளியே தெரிவது அதே மஞ்சள் மினுக்குதான்.

2016க்குப் பிறகான செய்முறையைப் படித்தபோது எனக்குக் கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் சுவாமிமலைதான் நினைவுக்கு வந்தது. 1929இன் பழைய சிலையை ஸ்கேன் செய்து, முப்பரிமாண அச்சில் மாதிரி எடுத்து, அதிலிருந்து மெழுகுச் சிலைகள் வார்க்கிறார்கள். ஒவ்வொரு மெழுகுச் சிலையையும் பீங்கான் குழம்பில் திரும்பத் திரும்ப முக்கி, ஓடு கட்டவிட்டு, சுமார் 870 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடிவிட, சிலையின் வடிவில் வெற்றிடம் மிஞ்சும். அதில் சுமார் 980 டிகிரிக்கு மேல் காய்ச்சிய வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் ஓட்டை உடைக்க வேண்டும். சோழர் காலத்திலிருந்து காவிரிக்கரையில் நடப்பதும் இதே வேலை. பீங்கான் குழம்புக்குப் பதில் அங்கே வண்டல் மண், மெழுகோடு குங்கிலியம். ஒரு வித்தியாசம் உண்டு. சுவாமிமலை ஸ்தபதி ஒவ்வொரு சிலைக்கும் மெழுகைக் கையாலேயே உருவாக்குகிறார். அச்சை உடைத்தால் அந்தச் சிலை உலகத்தில் ஒன்றே ஒன்று. ஆஸ்கரில் ஒரே மெழுகுருவம் எத்தனை முறை வேண்டுமானாலும் பிறக்கும். அப்படியும் ஐம்பது சிலை செய்து முடிக்க மூன்று மாதம் பிடிக்கிறது.

துண்டில் சுற்றியிருந்தது தங்கமா இல்லையா என்று பார்க்க உரைகல்கூட வேண்டாம், தூக்கிப் பார்த்தாலே போதும். ஒரு கன செ.மீ. தங்கத்தின் எடை 19.3 கிராம். வெள்ளீயமோ 7.3 கிராம். ஆஸ்கரை அதே அளவில் முழுத் தங்கத்தில் வார்த்தால் எட்டு, பத்து கிலோ வரும். நன்றியுரை முடியும்வரை ஒற்றைக் கையில் ஆட்டிக்கொண்டிருக்க முடியாது. எந்தப் பொருளையும் தண்ணீரில் முக்கி, அது எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறது என்று பார்த்து, எடையோடு ஒப்பிட்டால் உலோகத்தின் உண்மை தெரிந்துவிடும். அரசனின் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று ஆர்க்கிமிடீஸ் இப்படித்தான் கண்டுபிடித்ததாகக் கதை. கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்தின் முகப்பில் இருப்பதும் அவர் தலைதான். அந்தப் பதக்கம் 14 காரட். கிரீடத்தில் கலப்படம் பிடித்தவரின் முகத்தை, நூற்றுக்கு நாற்பது பங்கு வேறு உலோகம் கலந்த தங்கத்தில் பொறித்திருக்கிறார்கள்.

ஆர்க்கிமிடீஸின் கணக்கை உலகக் கோப்பைக் கால்பந்திலும் போட்டுப் பார்க்கலாம். இப்போதுள்ள கோப்பையை வடித்தவர் இத்தாலியச் சிற்பி சில்வியோ கஸ்ஸனிகா. மிலான் நகரின் பெர்டோனி பட்டறையில் செய்து, 1974இலிருந்து கொடுக்கிறார்கள். உயரம் 36.8 செ.மீ., எடை 6.175 கிலோ, உலோகம் 18 காரட் தங்கம், அடியில் பச்சை மலாகைட் கல் இரண்டு வளையம். திண்மத் தங்கம் என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறார்கள். 18 காரட் தங்கத்தில் ஒரு கன செ.மீ.யின் எடை சுமார் 15.5 கிராம். அப்படியானால் 6 கிலோ என்பது வெறும் 400 கன செ.மீ., அரை லிட்டருக்கும் குறைவு. பத்து செ.மீ. குறுக்களவுள்ள ஒரு தங்க உருண்டையை வார்த்தாலே எட்டு கிலோ ஆகிவிடும். முழங்கை நீளக் கோப்பை, உச்சியில் பூமி உருண்டை, எல்லாம் சேர்ந்து ஆறே கிலோ என்றால் உள்ளே பெரும்பகுதி காற்றாகத்தான் இருக்க வேண்டும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் மார்ட்டின் பாலியகாஃப் 2010இல் இதைக் கணக்கிட்டு, உள்ளீடு இல்லாமல் முழுக்கத் தங்கமாக இருந்தால் எழுபது, எண்பது கிலோ வந்திருக்கும் என்றார். அந்த எடையைத் தலைக்குமேல் தூக்கிக் குதிக்கப் பளுதூக்கும் வீரர்தான் வேண்டும். வென்ற அணி வீட்டுக்குக் கொண்டுபோவதும் இந்தக் கோப்பையை அல்ல. தங்க முலாம் பூசிய வெண்கல நகலைத்தான். 2022 இறுதியாட்டம் முடிந்த ஆரவாரத்தில் மெஸ்ஸி சிறிது நேரம் தூக்கிக் கொண்டாடியதோ ரசிகர்கள் கொண்டுவந்த இன்னொரு நகல். உலகமே விரும்பிப் பார்த்த படத்தில் இருப்பது அந்தப் போலிதான்.

இதற்கு முந்தைய கோப்பையின் ஜாதகம் இன்னும் மோசம். பிரெஞ்சுச் சிற்பி ஏபெல் லாஃப்லர் வடித்த ஜூல்ஸ் ரிமே கோப்பை, சிறகு விரித்த வெற்றித் தேவதை. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது, 3.8 கிலோ. போர்க்காலத்தில் ரோம் நகரில் இத்தாலியக் கால்பந்து நிர்வாகி ஒட்டோரினோ பராசி அதைச் செருப்புப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் மறைத்துக் காப்பாற்றினார். 1966இல் லண்டன் கண்காட்சியில் திருடுபோய், ஒரு வாரம் கழித்துச் செய்தித்தாளில் சுற்றியபடி கிடந்ததைப் பிக்கிள்ஸ் என்ற நாய் மோப்பம் பிடித்துக் கண்டெடுத்தது. மூன்று முறை வென்ற பிரேசிலுக்கு 1970இல் அது நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தது. ரியோவில் முன்புறம் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டார்கள், பின்புறத்தை மரச்சட்டத்தோடு விட்டுவிட்டார்கள். 1983 டிசம்பரில் வந்த திருடர்கள் கண்ணாடியைத் தொடவே இல்லை. கடப்பாரையை வைத்துப் பின்பக்கம் நெம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை உருக்கித் தங்கக் கட்டிகளாக்கிவிட்டார்கள் என்ற கதை இன்றும் உலவுகிறது. எந்தக் கட்டி? கோப்பையின் மேற்பரப்பை ஆயிரம் சதுர செ.மீ. என்றும், முலாமின் கனத்தைப் பத்து மைக்ரான் என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தத் தங்கம் ஒரு கன செ.மீ. வரும், அதாவது 19 கிராம், இரண்டரைப் பவுனுக்கும் குறைவு. உருக்கியிருந்தால் திருடர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் மஞ்சள் பூத்த வெள்ளிதான். கோப்பையில் மிஞ்சியது 1954இல் கழற்றி மாற்றிய பழைய நீல நிறக் கல் பீடம் மட்டும். 2015இல் ஜூரிச்சில் ஃபிஃபாவின் கிடங்கில் அது கிடைத்தது.

ஒலிம்பிக்கில் தங்கம் நாளாக நாளாகக் கரைந்த கதையை எண்களே சொல்லிவிடும். 1896இல் ஏதென்சில் முதலிடத்துக்கு வெள்ளிப் பதக்கம், இரண்டாமிடத்துக்குச் செம்பு. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904இல் செயிண்ட் லூயிஸில்தான் தொடங்கியது. முழுத் தங்கத்தில் கடைசியாகக் கொடுத்தது 1912இல், ஸ்டாக்ஹோமில். அதுவும் சுமார் 24 கிராம் எடையுள்ள சின்னப் பதக்கம், மூன்று பவுன். இன்றைய விதிப்படி தங்கப் பதக்கத்தில் குறைந்தது ஆறு கிராம் தங்கம் இருந்தால் போதும், மற்றது வெள்ளி. ஆறு கிராம் என்றால் முக்கால் பவுன்.

அந்த முக்கால் பவுன் எங்கிருந்து வந்தது என்பதில்தான் டோக்கியோ சுவாரஸ்யம் காட்டியது. 2017 முதல் இரண்டு ஆண்டுகள் ஜப்பானியர்கள் தங்கள் பழைய மின்னணுச் சாதனங்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மொத்தம் 78,985 டன். தவிர 62 லட்சம் கைபேசிகள். இவற்றிலிருந்து சுமார் 32 கிலோ தங்கமும், 3,500 கிலோ வெள்ளியும், 2,200 கிலோ வெண்கலத்துக்கான உலோகமும் பிரித்தெடுத்துச் சுமார் 5,000 பதக்கங்கள் செய்தார்கள். நீரஜ் சோப்ராவின் ஈட்டி எறிதல் தங்கம் யாரோ ஜப்பானியப் பாட்டியின் பழைய மடக்கு போனாகவும் இருந்திருக்கலாம். துருப்பிடிக்காது, மின்சாரத்தைத் தங்குதடையின்றிக் கடத்தும் என்பதால் கைபேசியின் தொடுமுனைகளில் மெல்லிய தங்கப் பூச்சு இருக்கும். அதைத்தான் பிரித்தெடுக்கிறார்கள்.

2024இல் பாரிஸ் தன் பதக்கங்களின் நடுவில் ஓர் இரும்புத் துண்டை வைத்தது. ஈஃபில் கோபுரத்தைப் பழுதுபார்த்தபோது கழற்றிய இரும்பில் 18 கிராம், அறுகோண வடிவில். யோசனை அழகாகத்தான் இருந்தது. ஆனால் போட்டிகள் முடிந்த சில நாட்களிலேயே வெண்கலப் பதக்கங்கள் நிறம் மங்கி, பூச்சு உரியத் தொடங்கின. மனு பாக்கர் வென்ற இரண்டு வெண்கலமும் அப்படி ஆனதாகச் செய்தி வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பதக்கங்கள் பிரெஞ்சு நாணயச்சாலைக்கே திரும்பி வந்தன. செம்பும் செம்புக் கலவையும் வியர்வையின் உப்பு பட்டால் களிம்பேறும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற வீட்டுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் மேலே நிறமற்ற வார்னிஷ் அடிப்பார்கள். பழைய வார்னிஷில் இருந்த குரோமியம் சேர்மம் ஐரோப்பாவில் தடைக்கு உள்ளாக, அவசரமாக மாற்றிய புது வார்னிஷ் கைகொடுக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. இந்த நூற்றாண்டின் பதக்கச் சோதனை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பதக்கத்தை வடிவமைத்த நகைக்கடைக்குப் பெருமை, கடைசியில் காலை வாரியது வார்னிஷ்.

ஒலிம்பிக் பதக்கங்களில் எனக்குப் பிடித்த பொறியியல் 2016 ரியோ பாராலிம்பிக்கில் இருந்தது. பார்வையற்ற வீரர்களும் தாங்கள் வென்றது எது என்று அறியும்படி, பதக்கத்துக்கு உள்ளே குட்டிக் குட்டி எஃகு குண்டுகளை வைத்தார்கள். தங்கத்தில் 28, வெள்ளியில் 20, வெண்கலத்தில் 16. குலுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். குண்டுகள் கூடக்கூட மோதல்கள் கூடும், ஒலி கனக்கும். சேலத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் வென்ற தங்கத்திலும் அந்த 28 குண்டுகள் உண்டு. சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்பதை வைத்து ஒரு வழக்கே நடந்த ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவே தங்கத்தைக் கணிசமாகவே வைத்திருக்கும் பதக்கம் நோபல். எரிக் லிண்ட்பெர்க் வடித்த ஸ்வீடன் பதக்கங்கள் 1980 வரை 23 காரட் தங்கத்தில், சுமார் 200 கிராமில் அச்சடிக்கப்பட்டன. 1930இல் சி.வி. ராமன் வாங்கியது அந்த வகை. கிட்டத்தட்ட 24 பவுன். அதற்குப் பிறகு 18 காரட்டுக்கு இறங்கி, எடையையும் 175 கிராமாகக் குறைத்தார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் வாங்கியதில் பதினாறு பவுனை ஒட்டித்தான் தங்கம். இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சுத்தத் தங்கம் மிக மிருதுவானது. ஒரே உலோகத்தின் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதாக வழுக்கும். வேறு அளவுள்ள அணுக்களை இடையில் கலந்தால் அந்த வழுக்கல் தடைப்பட்டு உலோகம் கெட்டிப்படும். ஆசாரிகள் தங்கத்தில் செம்பு சேர்ப்பதும் இதற்குத்தான்.

நோபல் தங்கத்துக்கு எக்ஸ்ரே கருவியிடமே ஒரு சான்றிதழ் கிடைத்திருக்கிறது. பிரபஞ்சம் முடுக்கத்தோடு விரிகிறது என்று காட்டியதற்காக 2011இல் இயற்பியல் நோபல் பெற்ற பிரையன் ஷ்மிட், பாட்டியிடம் காட்டுவதற்காகப் பதக்கத்தை அமெரிக்காவின் ஃபார்கோ நகருக்குக் கொண்டுபோனார். திரும்பும்போது விமான நிலையச் சோதனையில் அவருடைய பை மாட்டிக்கொண்டது. திரையில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். எதுவும் ஊடுருவவில்லை. தங்கத்தின் அணுவில் 79 எலக்ட்ரான்கள், அணுக்களும் நெருக்கமாக அடைந்திருக்கும், எக்ஸ் கதிர் உள்ளே போனால் வெளியே வராது. பெட்டியில் என்ன என்று கேட்டார்கள், தங்கப் பதக்கம் என்றார். யார் கொடுத்தது என்று கேட்டார்கள், ஸ்வீடன் மன்னர் என்றார். எதற்குக் கொடுத்தார் என்ற கேள்விக்குப் பிரபஞ்சத்தின் விரிவைப் பற்றி விளக்க வேண்டியிருந்தது.

நோபல் தங்கம் ஒருமுறை ஒளிந்துகொள்ளவும் வேண்டியிருந்தது. 1935ஆம் ஆண்டுக்கான அமைதி நோபலை நாஜி எதிர்ப்பாளர் கார்ல் ஃபான் ஒசியெட்ஸ்கிக்குக் கொடுத்ததில் ஹிட்லருக்கு ஆத்திரம். ஜெர்மானியர் யாரும் நோபலைத் தொடக்கூடாது என்று உத்தரவு. தங்கத்தை நாட்டைவிட்டு அனுப்புவதும் கடும் குற்றம். இயற்பியல் நோபல் பெற்ற மாக்ஸ் ஃபான் லாவேயும் ஜேம்ஸ் ஃபிராங்கும் தங்கள் பதக்கங்களைக் கோபன்ஹேகனில் இருந்த நீல்ஸ் போரின் ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். போரோ தன் பதக்கத்தையே ஃபின்லாந்து நிவாரணத்துக்காக 1940 மார்ச்சில் ஏலத்துக்குக் கொடுத்திருந்தார். அடுத்த மாதம், ஏப்ரல் 9 அன்று, ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. பதக்கங்களின் பின்புறம் வென்றவர்களின் பெயர் பொறித்திருக்கும். சிக்கினால் லாவேயின் உயிருக்கே ஆபத்து.

ஆய்வகத்தில் இருந்த ஹங்கேரிய வேதியியலாளர் ஜார்ஜ் ஹெவெசி புதைத்துவிடலாம் என்றார். தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று போர் மறுத்தார். அப்போதுதான் ஹெவெசி கரைத்துவிட முடிவு செய்தார். தங்கத்தைக் கரைப்பது லேசல்ல. நைட்ரிக் அமிலம் தனியாகவோ, ஹைட்ரோகுளோரிக் அமிலம் தனியாகவோ அதை ஒன்றும் செய்யாது. மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக்கும் ஒரு பங்கு நைட்ரிக்கும் கலந்த ராஜ திராவகத்துக்குத்தான் தங்கம் மசியும். நைட்ரிக் அமிலம் தங்க அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து ஒரு சிலவற்றை அயனிகளாக்கும். அதோடு விட்டால் வினை நின்றுவிடும். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் குளோரைடுகள் நான்கு நான்காகச் சேர்ந்து அந்த அயனியைச் சுற்றிப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும். இடம் காலியானதும் நைட்ரிக் அமிலம் அடுத்த அணுவைப் பிடிக்கும். வேலை மெதுவாகவே நடந்தது. தெருவில் படை அணிவகுத்துப் போக, ஹெவெசி நாள் முழுக்க இரண்டு கனத்த பதக்கங்களைக் கரைத்துக்கொண்டிருந்தார். மிஞ்சிய ஆரஞ்சு நிறத் திரவம் மற்ற ரசாயனங்களோடு அலமாரியில் இருந்தது. சோதனை போட வந்தவர்கள் தேடியது தங்கத்தை. ஜாடியில் இருந்ததோ ஓர் அமிலம்.

1943இல் ஹெவெசி ஸ்வீடனுக்குத் தப்பினார். போருக்குப் பிறகு பார்த்தால் ஜாடி வைத்த இடத்திலேயே இருந்தது. இப்படிக் கரைந்த தங்கத்தை மீட்கப் பொதுவாக ஃபெரஸ் சல்ஃபேட் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அது எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுக்கும், தங்கம் மங்கிய பழுப்புப் பொடியாக அடியில் தங்கும். உருக்கினால்தான் அதற்குப் பழைய மினுக்கம் வரும். 1950 ஜனவரியில் மீட்ட தங்கத்தைப் போர் ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பினார். நோபல் அறக்கட்டளை அதிலிருந்தே பதக்கங்களை மறுபடி வார்க்க ஏற்பாடு செய்தது, 1952இல் ஃபிராங்க்கின் கையில் அவருடைய பதக்கம் சேர்ந்தது.

ஹெவெசிக்கும் 1943ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் கிடைத்தது. கதிரியக்க ஐசோடோப்புகளை ஒரு தனிமத்தில் கலந்து, அதன் அணுக்கள் உடலுக்குள்ளும் வேதிவினைகளிலும் எங்கெங்கே போகின்றன என்று பின்தொடரும் முறைக்காக. ஆனால் பதக்கத் தங்கத்தில் அப்படி எந்த அடையாளமும் கலந்திருக்கவில்லை. இயற்கையில் நிலையான தங்கம் ஒரே வகைதான், நிறை எண் 197. ஜாடியிலிருந்து மீண்ட அணுக்களில் எது முன்பு எந்தப் பதக்கத்தில் இருந்தது என்று ஹெவெசியாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.